பதினேழாம் நம்பர் வீட்டின் பெரட்டு

1

தம்பி ரவி தொலைபேசியில் முதலில் விசாரிப்பது வெயிலைத்தான். அங்கே கோடை ஆரம்பித்துவிட்டதா என்பான். பதினாறு வருடமாக நானும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஈப்போவில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. காலையில் வெயில், மூன்று மணிக்கு மழை, ஐந்து மணிக்கு மறுபடி புழுக்கம். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் அதைக் கோடை என்று நாமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த முறை அவன் வெயிலைக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குத் தலைத் திவசம் வருகிறது, டிக்கெட் போட்டுவிட்டாயா என்று கேட்டான். நான் இல்லை என்றேன். என் பாஸ்போர்ட் கையில் இல்லை. இங்கே தங்குவதற்கான பாஸைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன், இன்னும் திரும்பி வரவில்லை. அலுவலகத்தைக் குறை சொல்ல முடியாது. திதி எந்தத் தேதியில் விழுகிறது என்று பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்தது நான். படிவத்தில் "இந்நாட்டில் தங்குவதன் நோக்கம்" என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் "கணவருடன் வசிப்பது" என்று நான் சொல்ல, மகள் தட்டச்சு செய்கிறாள். கணவர் நாலு வருடமாக சிங்கப்பூரில் வேலை செய்கிறார். மாதத்துக்கு இரண்டு தரம் பேருந்தில் வந்து போகிறார். நான் குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலைக்குக் கீழே வரிசை வீடொன்றில், அவருடன் வசிக்கும் நோக்கத்தோடு தங்கியிருக்கிறேன்.

ரவி, "சரி, நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டான். திட்டியிருந்தால் தேவலை போல இருந்தது. அப்பா இறந்தபோதும் நான் போய்ச் சேர்ந்தது காரியம் முடிந்த பிறகுதான். இப்போது திவசத்துக்கும் இல்லை.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் இங்கே என் கணவரின் தோட்டத்துத் திருவிழா.

2

தோட்டம் என்றால் நம் ஊர்த் தோட்டம் இல்லை. வாழையும் வெற்றிலையும் இருக்காது. இங்கே தோட்டம் என்பது வெள்ளைக்காரன் காலத்து ரப்பர் எஸ்டேட். என் கணவர் சேகரின் அப்பாவும் அம்மாவும் அங்கே மரம் வெட்டியவர்கள். கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் முப்பது வருடம் மரம் வெட்டினார் என்று கேட்டு, பெரிய காட்டையே அழித்திருப்பார் போல என்று நினைத்தேன். பால்மரத்தின் பட்டையைக் கீறிப் பாலெடுப்பதை இங்கே அப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிய ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் நாலு பேரிடம் என் வியப்பைச் சொல்லிவிட்டிருந்தேன். மல்லிகா அக்கா இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

மல்லிகா அக்கா என் கணவரின் கூடப்பிறந்த அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டுக்கு நாலு வீதி தள்ளித் தையல் கடை வைத்திருக்கிறார். எனக்கு இங்கே சொந்தம் என்று இருப்பது அவர்தான். கை நிறையச் செய்வார், வாய் நிறையப் பேசுவார். எனக்குத் தலைவலி என்று சொன்னால்கூட, "தஞ்சோங் ரம்புத்தான்ல ஒரு கட்டில் சொல்லி வைக்கவா?" என்பார். அந்த ஊரில் பெரிய மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. ஈப்போக்காரர்களுக்கு இந்தக் கேலி இல்லாமல் ஒரு நாள் போகாது.

இப்போது அந்த எஸ்டேட் இல்லை. ரப்பரை அழித்துச் செம்பனை போட்டுவிட்டார்கள். ஆட்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். மிஞ்சியது மாரியம்மன் கோயிலும், பள்ளிக்கூடத் திடலும், பக்கத்தில் ஓடும் ஆறும். தோட்டத்து ஆட்கள் ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் என்று சிதறிப்போனாலும் வருடத்தில் ஒரு வாரக் கடைசியில் திரும்பி வருவார்கள். தங்க வீடில்லாததால் திடலில் கூடாரம் போடுவார்கள். அதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. லயம் இருந்த அதே வரிசையில், அவரவர் பழைய வீட்டு எண்ணை அட்டையில் எழுதிக் கூடாரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். நாங்கள் பதினேழாம் நம்பர். பதினாறும் பதினெட்டும் இந்தத் தலைமுறையிலும் ஒருவர் மேல் ஒருவர் வருத்தமாக இருப்பதால், நடுவில் நாங்கள் இருப்பது நல்லதாகப் போயிற்று.

ஞாயிறு காலையில் பெரட்டு நடக்கும். அந்தக் காலத்தில் வேலைக்குப் போகுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள், அதுதான் பெரட்டு. மேஸ்திரி வேலை பார்த்த மண்டோரின் மகன், இப்போது டவுனில் டயர் கடை வைத்திருக்கும் மணியம் அண்ணன், ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு கோயில் முன்னால் நிற்பார். தோட்டத்தில் வேலை செய்தவர்களின் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். உயிரோடு இருப்பவர்கள் தாங்களே "வந்தாச்சு" என்று குரல் கொடுப்பார்கள். இறந்தவர்களுக்கு அவர்கள் வீட்டு ஆள் யாராவது "வந்தாச்சு" என்பார்கள். மூன்று தரம் கூப்பிட்டும் குரல் வரவில்லையென்றால் நோட்டில் "வரல" என்று எழுதிவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார்.

இதில் ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. ஒரு ஆள் ஒரு பேருக்குத்தான் குரல் கொடுக்கலாம். வேலைக்கு வராத சிநேகிதனுக்காக இன்னொருவன் பொய்க்குரல் கொடுத்து மாட்டிக்கொண்டால், அந்தக் காலத்தில் இரண்டு பேரையுமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். எஸ்டேட் போயும் அந்தச் சட்டம் போகவில்லை. எங்கள் வீட்டில் மல்லிகா அக்கா தன் அம்மாவுக்கும், சேகர் தன் அப்பாவுக்கும் குரல் கொடுப்பது வழக்கம். இந்த வருடம் சேகருக்கு ஷிப்டு மாற்ற முடியவில்லை. மாமனாருக்கு நான்தான் சொல்ல வேண்டும் என்று அக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த ஆசை வந்தது. பேர்களெல்லாம் முடிந்த பிறகு மணியம் அண்ணன் "விட்டுப்போன பேர் இருக்கா?" என்று கேட்பார். அந்த வருடம் இறந்தவர்களை அப்போது சேர்ப்பார்கள். அப்பாவின் பேரை அங்கே ஒரே ஒரு தரம் கூப்பிட வைக்க வேண்டும். அங்கே ஆற்றங்கரையில் ரவி பிண்டம் வைக்கும் நாளில் இங்கே அவர் பேராவது காற்றில் கேட்கட்டும்.

அக்காவிடம் சொன்னேன். கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வசந்தி, அது தோட்டத்து ஆளுங்களுக்குலா. உங்கப்பா இங்க ஒரு மரம்கூட வெட்டலையே. இந்தப் பக்கமே வந்ததில்ல."

அது உண்மை. அப்பா வரவேயில்லை. பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார். அம்மாவின் கண் ஆபரேஷன், பிறகு ரவி கல்யாணம், பிறகு கொரோனா. அந்தப் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட விழாமலே காலாவதியாகிவிட்டது. அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, மணியத்திடம் தானே பேசுவதாகவும், ஆனால் குரல் கொடுக்க ஆள் வேண்டுமே, என் குரல் மாமனாருக்குப் போய்விடுமே என்றும் சொன்னார்.

"தனுஜா சொல்லட்டும்" என்றேன்.

தனுஜா என் மகள். பதினைந்து வயது. தாத்தாவுக்குப் பேத்தி வாயால் ஒரு "வந்தாச்சு". உண்மையைச் சொன்னால், அப்பாவின் பேரைக் கேட்பதைவிட அதற்கு என் மகள் பதில் சொல்வதைக் கேட்கத்தான் எனக்கு அதிக ஆசை.

3

தனுஜா வீட்டில் தமிழ் பேசுவாள், இந்த ஊர் வழக்கப்படி முடிவில் ஒரு "லா" சேர்த்து. ஆனால் கோபமும் ரகசியமும் அவளுக்கு வேறு மொழியில் வரும். தோழிகளோடு மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசும்போது அவள் முகமே மாறிவிடும். அந்த முகத்தைத் தள்ளி நின்று பார்க்கத்தான் எனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. ரவி கூப்பிட்டால் "ஹாய் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தள்ளிவிடுவாள். அப்பா இருந்தபோது அவரிடம் மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பேசுவாள். இருவருக்கும் பொதுவான விஷயம் தண்ணீர். அவர் தொட்டியம் பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்தவர். இன்றைக்கு எத்தனை மணிக்குத் தண்ணி விட்டீங்க தாத்தா என்று இவள் கேட்க, ஓய்வு பெற்ற மனிதர் சலிக்காமல் ஏதோ ஒரு மணியைச் சொல்வார்.

சனிக்கிழமை காலை திடலில் இறங்கியதும் அவள் ஆற்றுக்கு ஓடிவிட்டாள். நானும் அக்காவும் கூடாரத்தை விரித்தோம். எத்தனை வருடமானாலும் எந்தக் கம்பி எந்த ஓட்டையில் போகும் என்பது எனக்குப் பிடிபடுவதில்லை. பதினெட்டாம் நம்பர்க்காரர் வந்து முடித்துக் கொடுத்தார். பசியாறியாச்சா என்று போகிற வருகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் கைமாறின. சார்டின் சம்பல் ஒரு கூடாரத்தில் கொதித்தால் மூன்று கூடாரத்துக்குத் தட்டு போயிற்று. நல்ல மனிதர்கள். என்னை யாரும் ஒதுக்கியதில்லை.

ஆனால் பேச்சு எப்போதும் நான் இல்லாத காலத்தைப் பற்றியது. யார் வீட்டுக் கோழியை யார் அடித்துத் தின்றார்கள், எந்த வெள்ளத்தில் பாலம் போயிற்று, பள்ளிக்கூட வாத்தியாருக்கு என்ன பட்டப்பேர். சிரிக்கிற இடத்தில் நானும் சிரிப்பேன். எந்தக் கதையில் எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்பது இத்தனை வருடத்தில் மனப்பாடம்.

மாலையில் அம்மன் லோரியில் ஏறி டவுனுக்குப் போனாள். டவுன் என்றால் இரண்டு வரிசைக் கடைகள்தான். பையன்கள் உறுமி அடித்துக்கொண்டு முன்னால் போக, சீனர்கள் தங்கள் கடை வாசலில் தேங்காய் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அன்றைக்குப் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை வேறு. ஒரு பக்கம் சாம்பிராணி, மறுபக்கம் அப்பம் பாலிக் சுடுகிற மணம். தனுஜா தன் வயதுப் பெண்களோடு கரும்புச் சாறு வாங்கிக் குடித்துக்கொண்டு போனாள். என்னைப் பார்த்துக் கையசைத்தாள். பக்கத்தில் வரவில்லை.

வழக்கமாகக் கேட்கிற கேள்வியை ஒரு அம்மாள் கேட்டார்: "ஊருக்கு எப்ப போறீங்க?" அடுத்த வருடம் என்றேன். கேட்டவருக்கும் தெரியும், சொல்லும் எனக்கும் தெரியும், அது பதில் இல்லை. நாளைக்கு என் அப்பாவுக்குத் தலைத் திவசம் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். ஐயோ பாவம் என்பார், கையைப் பிடித்துக்கொள்வார். அந்தக் கை எனக்கு வேண்டாம் என்று வீம்பு. என் சுபாவம் அப்படி. பிறகு யாருமே கேட்கவில்லையே என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருப்பதும் நானேதான்.

திடலுக்குத் திரும்பியதும் தனுஜாவைப் பிடித்து உட்கார வைத்தேன். நாளைக்குக் காலையில் தாத்தா பேரைக் கூப்பிடுவார்கள், நீ சத்தமாக "வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும் என்றேன்.

"எந்தத் தாத்தா?"

"தொட்டியம் தாத்தா."

"ஓகே மா" என்றாள். ஈரத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, "அவரு வேலை செய்யலையே இங்க, பரவால்லையா?" என்றாள். பரவாயில்லை, அத்தை பேசிவிட்டார் என்றேன். மறந்துவிடாதே என்று இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் சொன்னபோது முகத்தைச் சுளித்தாள்.

4

எட்டு மணிக்குப் பெரட்டு. மழை இல்லை. லய வரிசைப்படி நின்றோம். பத்துப் பேரில் ஏழு பேர் இறந்தவர்களுக்காக நிற்கிறவர்கள். ஒரு கிழவர் சக்கர நாற்காலியில் வந்து தன் பேருக்குத் தானே "வந்தாச்சு" என்றபோது எல்லாரும் கை தட்டினார்கள்.

பதினேழாம் நம்பர் வந்தது. மாமியாரின் பேருக்கு அக்கா குரல் கொடுத்தார். அடுத்தது மாமனார். கல்யாணமாகி மூன்று வருடம்தான் அவரோடு பழக்கம். என் கறிக் குழம்பில் உப்புப் போதவில்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை, தானே போட்டுக்கொள்வார். மணியம் அண்ணன் பேரைக் கூப்பிட்டார். நான் "வந்தாச்சு" என்றேன். என் குரல் நன்றாகவே வந்தது. அக்கா என் முதுகில் கை வைத்தார்.

கடைசி வீடு வரை முடிந்தது. மணியம் அண்ணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு விட்டுப்போன பேர் இருக்கா என்று கேட்டார். இரண்டு வீட்டார் சொன்னார்கள், எழுதினார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் முன்னால் போய் அப்பாவின் பேரைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு, எந்த லயம் என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு, தானே நிறுத்திக்கொண்டு, பதினேழிலேயே போட்டுவிடுகிறேன் என்றார். நல்ல மனிதர்.

தனுஜா கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் பெண்களோடு நின்றிருந்தாள். போன் கையில் இல்லை. நான் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். சரி, தயாராக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

முதலில் புதுப் பேர்கள் இரண்டும். அந்த வீட்டார் குரல் கொடுத்தார்கள். பிறகு:

"கோவிந்தராசு."

திடல் அமைதியாக இருந்தது. செம்பனைக்குள் ஏதோ பறவை கத்தியது. தனுஜா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவிந்தராசு."

நான் அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். தலையை அசைத்தேன். அவளும் எனக்குத் தலையை அசைத்தாள், நீங்கள்தான், நீங்கள்தான் என்பது மாதிரி. வாயைத் திறந்து நானே சொல்லிவிடலாம். ஆனால் என் ஒரு குரல் செலவாகிவிட்டது, கேட்ட சாட்சிகள் நூறு பேர். இன்னொரு தரம் சொன்னால் மாமனாருக்குச் சொன்னதும் பொய்யாகிவிடும். பக்கத்தில் மல்லிகா அக்காவின் உதடு அசைந்தது. அவரும் தன் குரலைக் கொடுத்து முடித்தவர்.

"கோவிந்தராசு." மூன்றாம் தரத்தை மணியம் அண்ணன் இழுத்துச் சொன்னார். கொஞ்சம் கூடுதலாகவே காத்திருந்தார். பிறகு தலையைக் குனிந்து, வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"வரல."

நோட்டை மூடினார். பூசாரி மணியடித்தார். ஆட்கள் அன்னதானப் பந்தலை நோக்கிக் கலைந்தார்கள்.

5

தனுஜாவை நோக்கிப் போனபோது எனக்கு இருந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்ல இவளுக்கு வலித்துவிட்டதா? இதற்காகவா பெற்று வளர்த்தேன் என்கிற வரை மனதில் ஓடியாயிற்று. அவள்தான் முந்திக்கொண்டாள்.

"ஏன்மா பதில் சொல்லாம நின்னீங்க? மூணு வாட்டி கூப்பிட்டாங்கலா உங்கள."

"என்னையா?"

"கோவிந்தராசு உங்க பேருதானே? பாஸ்போர்ட்ல இருக்கே, ஃபாரம்ல நான்தானே டைப் பண்றேன். வசந்தி கோவிந்தராசு." அவளும் கோபமாகத்தான் இருந்தாள். "எல்லாரும் பாக்குறாங்க, எனக்கு மாலுவா, வெக்கமா போச்சு. அப்புறம் தாத்தா பேரு வரும்னு நின்னுட்டே இருந்தேன். அவரு புக்க மூடிட்டாரு."

அவள் மேல் குற்றமில்லை. இங்கே தமிழர்களின் அடையாள அட்டையில் இன்னாரின் மகள் என்று நடுவில் எழுதியிருக்கும். அப்பன் பேர் எது, பிள்ளை பேர் எது என்பதில் சந்தேகம் வராது. நம் பாஸ்போர்ட்டில் அந்தச் சொல் இல்லை. அப்பா பேரும் என் பேரும் ஒட்டிக்கொண்டு ஒரே ஆளுடைய பேராக நிற்கும். என் படிவங்களையெல்லாம் நிரப்பித் தரும் பிள்ளை, வருடக்கணக்காகத் தன் தாத்தாவின் பேரைத் தட்டச்சு செய்திருக்கிறாள், அது அம்மாவின் பேரில் பாதி என்று நினைத்துக்கொண்டு.

வேறு எப்படித் தெரியும்? அம்மா அவரை "ஏங்க" என்பாள். ஊர் அவரைத் தண்ணிக்காரர் என்றது. நாங்கள் அப்பா என்றோம். பெரியவர் பேரைச் சொல்வது மரியாதை இல்லை என்று வளர்ந்தவள் நான். பதினைந்து வருடத்தில் ஒரு நாள்கூட, உன் தாத்தாவின் பேர் இது என்று மகளிடம் நான் சொன்னதில்லை. மொழி போகிறது, பிள்ளை விலகுகிறாள் என்று ஊருக்கு எத்தனை தரம் புலம்பியிருக்கிறேன். அன்றைக்கு அப்பா அந்தத் திடலில் குரலில்லாமல் நின்றது என்னால்.

"அது தாத்தா பேர்" என்றேன்.

"கோவிந்தராசா?" ஒரு நிமிடம் அதைச் சொல்லிப் பார்ப்பது போல இருந்தாள். பிறகு நான் தடுப்பதற்குள் மணியம் அண்ணனிடம் ஓடினாள். இன்னொரு தரம் கூப்பிடச் சொல்லி அவள் கெஞ்சுவது எனக்குக் கேட்டது. அவர் நோட்டை அக்குளில் வைத்துக்கொண்டே தலையை ஆட்டினார். எழுதியதை அழிக்கிற வழக்கம் எங்கப்பா காலத்திலேயே கிடையாது பாப்பா, அடுத்த வருஷம் கூப்பிடுவேன், அப்போது சொல் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எழுதியதிலும் பொய்யில்லை. அப்பா இந்த நாட்டுக்கு வரவில்லைதான்.

பந்தலில் சாப்பிட உட்கார்ந்தோம். ரவி ஆற்றங்கரையில் எடுத்த படம் ஒன்று அனுப்பியிருந்தான், வாழை இலையில் எள்ளும் அன்னமும். தனுஜாவிடம் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மல்லிகா அக்கா என் இலையில் பாயசத்தை ஊற்றிவிட்டு, கேலி எதுவும் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தனுஜா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு, நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று கேட்கிற அதே குரலில் சொன்னாள்:

"பயப்படாதீங்கமா. உங்க பேர இங்க கூப்பிடறப்ப நான் கரெக்டா சொல்லிடுவேன். எனக்குத் தெரியும்லா உங்க பேரு."

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். இந்தப் பதினாறு வருடத்தில் எப்போது ஊருக்குப் போவேன் என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள், நானும் அடுத்த வருடம், அடுத்த வருடம் என்றே இருந்திருக்கிறேன். நான் இறந்த பிறகு என் பேரை எங்கே கூப்பிடுவார்கள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. என் மகளுக்கு அதில் சந்தேகமே இல்லை. இங்கேதான், இந்தத் திடலில்தான், பதினேழாம் நம்பரில். சரிம்மா என்று சொல்லிவிட்டு இலையை மடித்தேன்.